சட்டைப் பையில் இருந்த ஞாபகம்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஐம்பத்தாறு வயதிலும் உன்னை வாலு என்று கூப்பிட இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். அதில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணனைப் போன வாரம் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் எதிரே உட்கார்ந்து கடிகாரம் வரையும்படி எழுதிக் காட்டினாள். கொதிகலன் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் தகடு வளைத்த கை அல்லவா, வட்டம் அச்சாக வந்தது. எண்களை மட்டும் எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் எழுதிவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்த்தார். அல்சைமர் நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். பட்டறைச் சத்தத்தில் அவர் காது போனதிலிருந்து இந்த வீட்டில் பேச்சு கிடையாது, சீட்டுதான். காலையில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். 'பத்து மணிக்குப் பல் டாக்டர். பச்சை பஸ். வரும்போது ரொட்டி.' எழுதியது எழுதியபடி நடக்கும், ஒரு நாள் தவறியதில்லை. இப்படி ஒரு ஒழுங்கான மனிதர் உண்டா என்று நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் சீட்டோடு சேர்த்துச் சட்டையைத் துவைத்துவிட்டேன். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றவர் நின்றவர்தான். "எங்க போகணும்?" என்றார். பல் பிடுங்கிய இடத்தைக் காட்டச் சொன்ன நாள் அது. வாயைத் தொட்டுக் காட்டினேன். "எந்தப் பல்லு?" என்றார். பிடுங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். "போன மாசத்துலேர்ந்துதான்" என்றேன். படத்தைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சாறு வருஷம் இருக்கும்மா" என்றார். பதில் சொல்லவில்லையா, காது. கேட்டதையே கேட்டாரா, காது. எல்லாப் பழியையும் காதின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம். அவருடைய ஞாபகம் இத்தனை வருடம் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது.

போனில் சொல்லியிருப்பேன். நான் போனில் பேசும்போது என் வாயைப் பார்த்துவிட்டு, அவரைத்தான் திட்டுகிறேன் என்று முகம் வாடிவிடுகிறார். அதனால் கடிதம்.

நீ மூளையோடு வேலை செய்கிறவள். இது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. முடிந்தால் ஒரு பத்து நாள் வந்து இரு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு யாரைக் கேட்பேன்? நான் என் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முட்டி வலி அப்படியேதான், நானும் அப்படியேதான். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணன் சாப்பிடுகிறாரா?

நான் டாக்டர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்கள் ஆராய்ச்சிக்கென்று கொடுத்துவிட்டுப் போன மூளையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பவள். பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

மூளையில் காதுக்கு உட்பக்கமாகச் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். அன்றன்று நடப்பதைப் பதிந்துவைப்பது அதன் வேலை. இந்த நோய் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் முதலில் கை வைக்கும். நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படியும். செல்லுக்கு உள்ளே டௌ என்று இன்னொரு புரதம், சிக்கு விழுந்த நூல் போல முறுக்கிக்கொள்ளும். வெள்ளிச் சாயம் ஏற்றினால் இரண்டும் கறுப்பாகத் தெரியும். செல்கள் சாகச் சாக மூளை சுருங்கும். கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும். இதெல்லாம் வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால் கவனிக்காமல் விட்டோமே என்று நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

புதியது முதலில் போகும், பழையது மெதுவாகப் போகும். பல் பிடுங்கியது மறந்ததும், தகடு வளைப்பது மறக்காததும் அதனால்தான்.

இங்கே ஆய்வகத்தில் ஏப்ரல் வரை எனக்கு மாற்று ஆள் இல்லை. வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
வாலு

பிப்ரவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே குளிர் குறைந்ததா?

பாடம் நன்றாக இருந்தது. மாணவி தேறிவிட்டாள். ஆனால் இந்தச் சுண்டுவிரல் சமாசாரம் எல்லாம் தெரிந்த பிறகும் அவர் சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டியிருக்கிறது. ஒரே கேள்வியை ஒரு காலைப்பொழுதில் நாற்பது தடவை கேட்கிறார், "இன்னிக்கு ஷிப்ட்டா?" என்று. 'இல்லை, ஓய்வு பெற்றாயிற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதே சீட்டை நாற்பது தடவை காட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும், "அப்படியா, யாரும் சொல்லலையே" என்று வருத்தப்படுகிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். எனக்கு அது அன்றாட வேலை.

சமையலறையில் கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் குழாயை ஒவ்வொரு முழமாகத் தட்டிப் பார்க்கிறார். காதுதான் கேட்காதே, கையை வைத்து அதிர்வு பார்க்கிறார். "இந்த ஜாயிண்ட் தாங்காது, ஆளுங்கள வெளிய போகச் சொல்லு" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். கோபம் இல்லை, பயம். என்னைக் காப்பாற்றத்தான் தள்ளினார், ஆனால் மணிக்கட்டு வீங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை வெளியே போனவர் மூடிக் கிடக்கும் பழைய பட்டறை வாசலில் நின்றிருக்கிறார். காவலுக்கு இருந்தவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

மூளையைப் பற்றி அனுப்பியதற்கு நன்றி. எனக்கு இப்போது தேவை இரண்டு கை. பத்து நாள் போதும். இன்னொன்றும் சொல், ஊரில் இத்தனை பேர் இருக்க இவருக்கு ஏன்?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் மணிக்கட்டு சரியாயிற்றா? கட்டு போட்டுக்கொள்ளுங்கள், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். யாரிடம் குறைத்துக் கொடுப்பீர்கள் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

ஏன் என்றால் ஒரு காரணம் இல்லை. வயதுதான் முதலில். அடுத்தது குடும்பம். அம்மாவுக்கும் இருந்தது அல்லவா. ஒரு வகை மரபணு இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட், தலையில் பட்ட அடி, படிப்புக் குறைவு, நடக்காமல் உட்கார்ந்திருப்பது, ஆட்களோடு பழகாமல் இருப்பது. அண்ணனுக்கு அழுத்தம் இருந்தது. நாற்பது வயது வரை புகைத்தார்.

காதும் ஒன்று. இப்போது அதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். காது மங்கினால் சத்தத்தைப் பிடிக்கவே மூளை மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, பேச்சும் பழக்கமும் குறைந்துபோகிறது என்கிறார்கள். முன்பு அண்ணன் வாங்கிய அந்தக் காது மிஷினை அப்போதே விடாமல் மாட்டியிருந்தால் இது கொஞ்சம் தள்ளிப்போயிருக்கலாம். அது ஏன் நின்றுபோயிற்று என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஏப்ரலில் இங்கே தணிக்கைக்கு வருகிறார்கள். அது முடியட்டும்.

உங்கள்,
வாலு

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன், அடித்து அடித்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், இருவரும் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

பொத்தான் இல்லாமல் தலைவழியாக மாட்டும் சட்டை நான்கு அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்குச் சுலபமாக இருக்கும். தணிக்கை முடிந்தது. புதிதாக ஒரு சீவும் இயந்திரம் வந்திருக்கிறது, அதை மற்றவர்களுக்கு என்னைத்தான் பழக்கிவிடச் சொல்கிறார்கள். அதனால் உடனே கிளம்ப முடியவில்லை.

போன கடிதத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

வாலு

ஜூன் 19

வாலு,

நலம் விசாரிக்கத் தெம்பு இல்லை. சட்டை வந்து சேர்ந்தது, அளவு சரி.

மிஷின் ஏன் நின்றது என்று கேட்டிருந்தாய். நான்தான் நிறுத்தினேன்.

உன் அம்மா படுக்கையில் இருந்த வருடம் அது. விடிந்தால் எழுந்தால் அவர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போய் நின்றால், "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்பார்கள். சாயங்காலம் உன் அண்ணன் மிஷினோடு வருவார். குழாய்ச் சத்தம், கரண்டிச் சத்தம், கதவுச் சத்தம், எல்லாம் அவருக்குப் புதிதாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு கேள்வி. குழந்தை மாதிரி சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்கோ யார் கேள்விக்கும் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது, வாங்கிவா என்றார். கடையில் இல்லை என்றேன். கடையில் இருந்தது. அடுத்த வாரமும் இல்லை என்றேன். ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார், அப்புறம் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் சீட்டு. வீடு அமைதியானது. பொய் சொல்ல மாட்டேன், அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பதினைந்து வருடம் பிடித்திருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாய், அதனால் சொல்கிறேன்.

அந்த வருடம் நீ இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மறுநாளே அவசர வேலை என்று கிளம்பினாய். நான் கையால் துடைத்ததை நீ தகட்டில் வைத்துப் பார்த்துப் பெயர் சொல்கிறாய். பத்து நாள் வா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்க மாட்டேன்.

அண்ணி

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் நான் நன்றாக இருக்கிறேன். உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

மிஷினைப் பற்றி நான் எழுதியது தப்பு. ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்து, காது மங்கியவர்களில் கொஞ்சம் கூடுதலான பேருக்கு வருகிறது என்று சொல்லலாம். ஒருத்தரைக் காட்டி, இதனால்தான் இவருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருடமாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். யார் பேட்டரி வாங்கித் தரவில்லை என்று ஒரு தகட்டிலும் தெரிந்ததில்லை.

நான் வராததற்கு ஆள் இல்லாததும் காரணம் இல்லை, இயந்திரமும் காரணம் இல்லை. பயம். அம்மா போனதிலிருந்து எனக்கு அடுத்தது யார் என்ற பயம். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று வருடமாகத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கடிகாரம் வரைந்து பார்க்கிறேன், பன்னிரண்டு எண்ணும் இடத்தில் இருந்தால்தான் செருப்பு போடுவேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே நடை. தகட்டில் வருகிறவர்களுக்கு முகம் கிடையாது, அதனால் பார்க்க முடிகிறது. அண்ணன் முகத்தில் இதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் உங்களுக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3 காலை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் மதியமே தங்கை வீட்டுக்குக் கிளம்பலாம். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டுகிறேன்.

உங்கள்,
வாலு

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் நலம், நான் சுமார். நீங்கள் போன ஐந்து நாளில் எனக்கு எட்டு வயது கூடிவிட்டது. நீங்கள் எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பில், குளியலுக்கு நேராக 'சிரமம்' என்று ஒரே சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வாளித் தண்ணீர் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

அண்ணன் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸம்மா என்று நினைத்திருக்கிறார். முதல் நாள் 'நான் வாலு' என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார், "அது என் தங்கச்சி பேரும்மா" என்றார். பிறகு நான் வற்புறுத்தவில்லை.

நேற்று கால் நகம் வெட்டிவிட்டேன். வலிக்காமல் பார்த்து வெட்டியதில் என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தலையில ஏதோ ஆகுது, உங்களுக்குத் தெரியும்ல?"

தலையை ஆட்டினேன்.

"இதைப் போய் என் தங்கச்சிக்கு எழுதிடாதீங்க. தூரத்துல தனியா இருக்கா. பாக்கத்தான் வாலு, ரொம்பப் பயந்தவ. எங்கம்மாவப் பாக்க வந்தப்பவே முகம் வெளுத்துப் போச்சு. நான்தான் கெளம்புன்னு அனுப்பி வெச்சேன்."

அது உண்மை அண்ணி. அப்போது இரண்டு தடவையும் பஸ் ஏற்றிவிட்டது அண்ணன்தான். உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நகவெட்டியைக் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கேட்காது என்று தெரிந்தும் குழாயைத் திறந்தேன்.

தூங்கினீர்களா?

வாலு

ஆகஸ்ட் 12

அன்புள்ள வாலுவுக்கு,

தூங்கினேன். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தேன். மூச்சு இருக்கிறதா என்று என் தங்கை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பல் விளக்கி, டீ குடித்து, துணி உலர்த்தி முடிக்கும் வரை எனக்கு ஒரு கணவர் இருக்கிறார் என்ற நினைப்பே வரவில்லை. வந்ததும் நடுங்கிவிட்டேன். நோய் இல்லாதவள் நான், எனக்கே இவ்வளவு சுலபமாக மறக்க முடிகிறதே.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டது அவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைத் திட்டியதில் பாதியை அவருக்குக் கொடுத்திருப்பேன். இரு, கோபம் இல்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து அண்ணியை ஏமாற்றுவது எந்த வீட்டில்தான் நடக்கவில்லை.

உன்னைப் பற்றிப் பேசினார் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நாத்தனாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். நான் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. முப்பத்தாறு வருடத்தில் நான் இவ்வளவு நாள் வெளியே இருந்ததே இல்லை. என்னைக் கேட்டாரா?

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது. காலையில் இரண்டு தட்டு சாப்பிடுகிறார், முதல் தட்டு மறந்துவிடுவதால். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் வந்து மாற்றினார். அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகையும் சரிபார்த்து, "நல்ல வேலைக்காரன்" என்று அவர் முதுகில் தட்டினார். மருந்து வேளை தவறாமல் போகிறது. பக்கத்து வீட்டுப் பூனை இப்போது நம் வீட்டிலேயே படுத்திருக்கிறது, அண்ணன் மடியில். அதற்கும் அவருக்கும் பேச்சுத் தேவைப்படவில்லை. மத்தியானம் இருவருமாகத் தெருக்கோடி வரை நடக்கிறோம். என் கையைப் பிடித்துக்கொள்கிறார். உங்கள் நீலப் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறார். மழை பெய்தால் ஜன்னலை அவரே சாத்துகிறார். படுக்கை விரிப்பை மாற்றிவிட்டேன், மாத்திரைப் பெட்டியில் நாள் எழுதி ஒட்டிவிட்டேன்.

பத்து நாள் என்று வந்தேன், இன்னும் ஒரு மாதம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து காலையில் கடிகாரம் வரைய மறந்துபோகிறது, நேரமும் இல்லை. நீங்கள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

வாலு

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது. குழாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, எடை இருக்கிறது, மழை ஜன்னல் வரைக்கும் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதிலைக் காணோம். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை.

கேட்டார் என்று ஒரு பொய் எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியவா போகிறது. எழுதாமல் விட்டாயே, அதற்காக உன்னை எனக்குப் பிடிக்கிறது. புதியது முதலில் போகும், பழையது மெதுவாகப் போகும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். தங்கை பழையவள். நான் இடையில் வந்தவள்தானே. நேற்று முழுதும் அழுதேன். இன்று காலை துணியை மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வந்து சேர்வதற்குள் நான் வந்துவிடுவேன். நீ லீவு நீட்டியது நல்லதாயிற்று, இருவருமாகப் பார்ப்போம். தூங்கி எழுந்த உடம்பு, இப்போது கொஞ்சம் தாங்கும். அவரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும் என்று இருக்கிறது, கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வாசலில் என்னைப் பார்த்து அவர் விழித்தால் நீ பதற வேண்டாம். இவங்க உங்க மனைவி என்று எழுதிக் காட்டி அந்த மனிதரைத் திண்டாட வைக்காதே, வெட்கப்பட்டுப் போவார். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மா, நல்ல மாதிரி, இனிமேல் இங்கேயேதான் இருப்பார் என்று எழுதி அறிமுகம் செய்துவை.

அன்புடன்,
அண்ணி